மூன்றாவது பெண்ணுக்கு ஒரு காட்சி

அந்த இயக்குநர் கூப்பிட்டபோது நான் சென்னையில், வாடகை வீட்டின் சமையலறையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பத்து வருடங்களுக்கு மேலாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் சில படங்களுக்கும் வசனம் எழுதி வருகிறேன். தென்மாவட்டத்துப் பேச்சு வேண்டுமென்றால் என்னைத் தேடுவார்கள். அவரும் அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார்.

"ஒரு உண்மைச் சம்பவம் பண்றோம் மேடம். உங்க ராமநாதபுரம் பக்கம் நடந்தது. தண்ணி லாரி ஓட்டுன ஒருத்தன், மூணு வருஷத்துல நாலு பொம்பளைங்களை..."

"தெரியும் சார்" என்றேன்.

"பேப்பர்ல படிச்சிருப்பீங்க."

"இல்ல. அவர் எங்க ஊருக்குத்தான் தண்ணி கொண்டு வருவார். அந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவதான் நான்."

மறுமுனையில் அவர் யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னார். வேலை எனக்குத்தான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. போனை வைத்து, கீரையை அலசும்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான்கு பெண்களைக் கொன்ற ஒருவரை நான் 'அவர்' என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் ஊர் உத்தரகோசமங்கைக்குத் தெற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அய்யா, அதாவது என் அப்பா, மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடுகிறவர். கிணற்றுத் தண்ணீர் குளிக்கத்தான் ஆகும், வாயில் வைத்தால் கரிக்கும். குடிக்கிற தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள் லாரியில் வரும். லாரியின் ஹாரன் கேட்டதும் பெண்கள் எல்லோரும் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டிகளோடு ஓடுவோம். என் பத்து வயதிலிருந்து பதினாறு வயதுவரை அந்த லாரியை ஓட்டி வந்தவர் அந்த மனிதர்.

ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். மற்ற லாரிக்காரர்கள் ரப்பர் குழாயைப் போட்டுவிட்டு பீடி குடிக்கப் போய்விடுவார்கள். இவர் கடைசிக் குடம் நிரம்பும்வரை குழாயைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு முதலில் ஊற்றுவார். "குடத்தை நேரா வையி பாப்பா, சிந்துதுல்ல" என்பார் என்னிடம். ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். பஸ் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் இருவரையும் லாரியில் ஏற்றி மெயின் ரோடுவரை கொண்டுவந்து விட்டார். எனக்குக் காற்று அடிக்கக் கூடாது என்று ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

நான் பதினோராம் வகுப்பு படித்தபோது அவரைக் கைது செய்தார்கள். அதற்கு முன்பே சுற்றுவட்டாரத்தில் பெண்கள் காணாமல் போயிருந்தார்கள். ஒருத்தி யாருடனோ போய்விட்டாள் என்றார்கள். இன்னொருத்தியைக் கருவேலங்காட்டில் கண்டெடுத்தபோது பாம்பு கடித்திருக்கும் என்றார்கள். எல்லோருமே காட்டில் விறகு வெட்டவோ கரி மூட்டத்து வேலைக்கோ தனியாகப் போனவர்கள். நான்காவது பெண்ணின் சேலைத் துணி லாரியில் கிடைத்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

செய்தி வந்த அன்று காலை அம்மா அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. அண்டாவிலும் குடங்களிலும் இருந்த தண்ணீர் முழுவதையும் தூக்கிக்கொண்டு போய் வாசலில் கொட்டினாள். கோடைக்காலம். அய்யா பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டு வாசலும் நனைந்திருந்தது. அடுத்த லாரி வர ஐந்து நாள் ஆயிற்று. அதுவரை அடிபம்பு உப்புத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடித்தோம். புதிதாக வந்த ஓட்டுநர் பாவம், என்ன ஏது என்று தெரியாமல் திகைத்து நின்றார். ஒரு பெண்கூட அவர் பக்கத்தில் போகவில்லை.

பழைய ஓட்டுநர் சில வருடங்களில் சிறையிலேயே நோய் வந்து இறந்துபோனார். அந்தச் செய்தி ஊரில் இரண்டு நாள் பேச்சாக இருந்து அடங்கியது.

இதையெல்லாம் வைத்து முதல் பதினைந்து காட்சிகளை எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் பொறுமையான மனிதர், வயதில் என்னைவிட இளையவர். அலுவலகத்தில் தாள்களை இரண்டு தடவை புரட்டிவிட்டுச் சொன்னார்: "பேச்சு பிரமாதமா இருக்கு மேடம். ஆனா இந்த ஆள் மேல எனக்குப் பயமே வரலையே."

"அப்போ எங்களுக்கும் வரல சார்."

"அது சரி. ஆனா பாக்குறவங்களுக்கு எங்கயாவது ஒரு இடத்துல தெரியணும்ல? ஒரு பார்வை, ஒரு சிரிப்பு. தனியா இருக்கும்போது ஒரு நாய்க்குட்டியை என்னமோ பண்றான், அந்த மாதிரி. சின்ன வயசுல அப்பன் அடிச்சானா?"

"எனக்குத் தெரியாது சார். தெரியாததை எப்படி எழுதுறது?"

அவர் சிரித்தார். பிறகு பேனாவால் தாளைத் தட்டிக் காட்டினார். "இன்னொன்னு. எல்லா இடத்துலயும் 'அவர்'னு எழுதியிருக்கீங்க. 'அவர் குழாயைப் பிடிக்கிறார்.' கொலைகாரனுக்கு எதுக்கு மரியாதை?"

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் 'அவன்' என்று மாற்றினேன். மாற்ற மாற்ற அந்த ஆளே மாறிப்போனான். 'அவன் குழாயைப் பிடிக்கிறான்' என்று எழுதியதும் அவனுடைய கண் சுருங்கிவிட்டது. 'அவன் பெண்களைப் பார்க்கிறான்' என்று எழுதினால் பார்வையே வேறாக இருந்தது. நான் ஒருநாளும் கண்டிராத யாரோ ஒருவன் அங்கே நின்றான். திரும்ப 'அவர்' என்று போட்டால், அந்த நான்கு பெண்களுக்கும் நடந்ததை நான் மூடி மறைப்பதுபோல் இருந்தது. வெறுமனே 'ஓட்டுநர்' என்று எழுதித் தப்பிக்கலாம் என்றால் வினைச்சொல்லின் வால் விடாது, பிடிக்கிறானா பிடிக்கிறாரா என்று கேட்கும். ஒரு வாரம் இதோடு மல்லுக்கட்டி, கடைசியில் வினையே இல்லாமல் எழுதினேன். 'ஓட்டுநர் கையில் குழாய். குடத்தின் வாயில் தண்ணீர்.' இயக்குநருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. புது நடை என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இயக்குநரும் நானும் ராமநாதபுரம் போனோம். ஓட்டுநராக நடிக்கவிருந்த நடிகர் எங்களுக்கு இரண்டு வாரம் முன்பே போய், தினமும் ஒரு தண்ணி லாரியில் கிளம்பி ஊர் ஊராகத் தண்ணீர் ஊற்றிப் பழகிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயது. அதுவரை சின்னச் சின்ன வேடங்கள்தான் செய்திருந்தார், அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை.

மூன்று பேருமாக, அந்த வழக்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஏட்டைப் பார்க்கப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. நன்னாரி சர்பத் கலந்து கொடுத்துவிட்டு நாற்காலியை எங்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்டேஷன்ல ரெண்டு நாள் எங்கூடத்தான் இருந்தான். இட்லி வாங்கிக் குடுத்தோம், சாப்புட்டான். சாப்புட்டுக் கையக் கழுவிட்டு என்ன கேட்டான் தெரியுமா? 'இன்னைக்குச் செவ்வாக்கெழமையாச்சே சார், அந்த ஊருகளுக்கு யாரு தண்ணி கொண்டு போறா'ன்னு கேட்டான்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திமிராக் கேட்டானா?"

"இல்ல சார். நெசமாத்தான் கேட்டான். சனங்க தண்ணியில்லாம நிக்குமேன்னு."

நடிகர் தயங்கிக் கேட்டார்: "அவன் முகத்தைப் பாத்தப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு சார்?"

ஏட்டு அவர் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கி வைத்தார். "நீங்க எதைத் தேடி வந்திருக்கீகன்னு வெளங்குது தம்பி. நாங்களும் அதைத்தான் தேடுனோம். முழியில இருக்கும், நடையில இருக்கும்னு. ஒண்ணும் இல்ல. அப்படித் தெரியிற மாதிரி இருந்தா மொதப் பொண்ணு செத்தப்பவே புடிச்சிருக்க மாட்டமா? நாலு வரைக்கும் ஏன் விட்டோம்?"

கடைசிக் கேள்வியை அவர் எங்களிடம் கேட்கவில்லை. கிளம்பும்போது, அந்தப் பெண்களின் குடும்பங்களைப் பற்றி விசாரித்தேன். இரண்டு குடும்பங்கள் திருப்பூருக்குப் போய்விட்டன, ஒரு வீட்டில் யாரிடமும் பேச மாட்டார்கள் என்றார். மூன்றாவது பெண்ணின் மகள் மட்டும் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். "புதுமடத்துல பால்வாடி டீச்சரா இருக்கு. கேட்டுட்டுப் போங்க. அந்தப் புள்ளைய நோகடிச்சிராதீக."

போனில் கேட்டபோது அந்த டீச்சர், பிள்ளைகள் போன பிறகு சாயங்காலம் நான் மட்டும் வந்தால் போதும் என்றார். மறுநாள் உச்சிப்புளி வழியாகப் போனேன். பால்வாடி, கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் இருந்தது. கருவாட்டு வாடையோடு காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் போனபோது கடைசிப் பிள்ளையைக் கூட்டிப்போக அதன் தாய் வந்திருந்தார். "வாரேன் டீச்சர், நாளைக்கி இவனுக்கு முட்டை குடுக்காதீக, வயிறு சரியில்ல" என்று சொல்லி, புர்காவின் முனையைப் பிடித்திழுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப உங்களுக்கும் அவன்தான் தண்ணி ஊத்தியிருப்பான்."

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பிள்ளைகள் தூங்கிய பாய்களை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டே கேட்டார்: "எங்கம்மா அதுல எத்தனாவது?"

"மூணாவது."

"பேரு என்ன வச்சிருக்கீங்க?"

"பேர் வைக்கல. 'மூன்றாவது பெண்'னு இருக்கு."

"வாசிங்க, கேக்குறேன்."

நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தேன். ரோட்டோரம் ஒரு பெண் நடந்து வருகிறாள். லாரி நிற்கிறது. சிரித்துக்கொண்டே ஏறுகிறாள். லாரி கருவேலங்காட்டுக்குள் திரும்புகிறது. அதற்கடுத்து செருப்பு ஒன்று தனியாகக் கிடக்கிறது. ஒரு பக்கம்கூட முழுசாக இல்லை.

"அவ்வளவுதானா?"

"ஆமா."

"எங்கம்மா நாப்பத்தோரு வருசம் உசுரோட இருந்துச்சு. நீங்க எழுதியிருக்கது கடைசிக் கால் மணி நேரம். அது எங்கம்மாவோட நேரம் இல்லைங்க. அவனோட நேரம்."

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் எழுத்தைத் திருத்திக் காட்டுவதுபோல் சொன்னார். என்னால் தாளை மடிக்கவும் முடியவில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை.

"பெறகு, சிரிச்சுக்கிட்டே ஏறுதுன்னு போட்டிருக்கீங்க. எங்கம்மாவுக்கு வண்டியே ஆகாது. பஸ்ஸுல ஏறுனா வாந்தி எடுக்கும். எட்டு மைல்னாலும் நடந்துதான் போகும்."

"அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் ஏறுனாங்க?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவர் உதறிக்கொண்டிருந்த பாயைக் கீழே வைத்தார். அதன்மேல் உட்கார்ந்தார். பிறகு அம்மா ஏன் ஏறினார் என்று சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இதை யார்ட்டயும் சொன்னதில்ல. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது" என்றார். "நீங்க அங்கன உள்ளவுகன்னு சொல்லிட்டேன். படத்துல வச்சிராதீங்க."

"வைக்க மாட்டேன்" என்றேன். இங்கேயும் அதை எழுதப்போவதில்லை.

பேச்சை மாற்றுவதற்காக அம்மா எப்படி இருப்பார் என்று கேட்டேன். அதைச் சொல்லும்போது அந்த டீச்சரின் முகமே வேறாகிவிட்டது. தண்ணி லாரி வரும் நாளில் விடியும்போதே குடங்களை வரிசையில் கொண்டுவந்து வைத்துவிடுவாராம். யாராவது இடத்தை மாற்றி வைத்தால் ஊரே கேட்கும்படி திட்டுவாராம். திட்டு முடிந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிடுமாம். "அவனையே வையும். 'ஏலே, தண்ணிய எங்கன ஊத்துற, குடத்துலயா ரோட்டுலயா? கண்ணு கொடத்துல இருக்கட்டும்'னு. அவன் சிரிப்பான். எல்லாருந்தான் சிரிப்போம்." நடுவில் தன்னை அறியாமல் எழுந்து, இல்லாத குடத்தை இடுப்பில் வைத்து அம்மாபோலவே நின்று காட்டினார்.

அன்று இரவு ராமநாதபுரத்து விடுதி அறையில் நான் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காரணத்தை, அவர் சொன்ன அந்த ஐந்து நிமிடத்தை, இரண்டு பக்கக் காட்சியாக எழுதினேன். எனக்காகத்தான் எழுதுகிறேன், எழுதிவிட்டுக் கிழித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். எழுதி முடித்து வாசித்தபோது, அதுவரை நான் எழுதியவற்றிலேயே அதுதான் சிறந்தது என்று தெரிந்தது. ஒன்பது மணிக்கு இயக்குநருக்கு அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அதற்கு எத்தனையோ காரணங்கள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். உண்மை ஒன்றுதான். நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "இதுதான் மேடம் படம்."

மறுநாள் காலையில் இடம் பார்ப்பதற்காகத் தனுஷ்கோடி சாலையில் போய்க்கொண்டிருந்தோம். நடிகர் முன்னிருக்கையில் இருந்தார். இருபுறமும் கடல். இயக்குநர் அந்தக் காட்சியை எப்படி எடுக்கலாம் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"சார், அந்தக் காட்சி வேண்டாம்" என்றேன். "அது அவங்க என்னை நம்பிச் சொன்னது. படத்துல வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு எழுதிட்டேன்."

இயக்குநர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். மூவரும் இறங்கி நின்றோம். காற்றில் மணல் காலில் அடித்தது.

"பேரே வைக்கல, ஊரையும் மாத்திட்டோம். யாருக்கு மேடம் தெரியப்போகுது?"

"அவங்களுக்குத் தெரியும்."

"நீங்கதானே அனுப்புனீங்க? நான் கேட்டேனா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடிகர்தான் பேசினார். "சார், நான் ரெண்டு வாரமா தண்ணி ஊத்துறேன். குழாயைக் கையில எடுத்ததும் எல்லாரும் சிரிச்சுப் பேசுறாங்க. ஒரு அம்மா வீட்டுல இருந்து மோர் கொண்டு வந்து குடுத்துச்சு. எனக்கே என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்னு நினைச்சப்போ அந்த மோரைக் குடிக்க முடியல. மேடம் எழுதுன சீனை நானும் படிச்சேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல நான் ஒண்ணு பாவமா நிக்கணும், இல்ல மிருகமா நிக்கணும். ரெண்டும் எனக்கு வரல. தண்ணி ஊத்துறது மட்டும் வருது."

இயக்குநர் நீரோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து போனார். திரும்பி வந்து தன் போனை என் பக்கம் நீட்டி, நான் அனுப்பியதை என் கண் முன்னே அழித்தார். நடிகரையும் அழிக்கச் சொன்னார். "ஆனா எனக்கு ஒரே ஒரு அடையாளம் வேணும் மேடம். தயாரிப்பாளர் விடமாட்டார். அவன் வர்றப்போ ஒரு விசில் வச்சுக்கறேன்" என்றார். அந்த மனிதர் விசிலடித்து நான் கேட்டதே இல்லை. சரி என்றேன். எனக்கு வேறு வழியில்லை.

அதன்பின் திரைக்கதையை மறுபடி எழுதினோம். கொலை எதுவும் திரையில் வராது. நான்கு பெண்களுக்கும் கடைசி நாளுக்கு முந்தைய ஒரு காட்சி, அவர்களுடைய வீட்டில், வேலையில், தெருவில். மூன்றாவது பெண்ணுக்குத் தண்ணீர் வரிசை. அவளுக்கு ஒரு பெயரும் வைத்தோம்.

புதுமடம் டீச்சரிடம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன் செய்து, எழுதிவிட்டேன், இரண்டு பேர் வாசித்துவிட்டார்கள், அழித்தாயிற்று, படத்தில் வராது என்று சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். உடனே போனை வைத்துவிட்டார். பிறகு நான் இரண்டு முறை கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

"ஷூட்டிங் என்னைக்கி?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் படமெடுக்க ஊர்க்காரர்கள் சம்மதிக்காததால், உத்தரகோசமங்கைக்கு மறுபக்கம் வேறொரு ஊரில் எடுத்தோம். டீச்சர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தார். அவருடைய அம்மாவாக நடித்த பெண் மதுரைக்காரர், நாடகத்தில் நடித்துப் பழகியவர். டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராகப் போய், "சேலையை இம்புட்டு எறக்கிக் கட்டிக்கிட்டுக் கொடம் தூக்க முடியாதுங்க. தூக்கிச் சொருகுங்க" என்று தன் கையாலேயே சொருகிவிட்டார். கொசுவத்தை எங்கே இழுத்துச் சொருக வேண்டும், குடத்தை இறக்கும்போது எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும், திட்டும்போது கை எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"'ஏலே'ன்னு கத்தாதீங்க. எங்கம்மா கத்தாது. இழுக்கும். ஏ...லேன்னு."

நடிகை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். ஏழாவதோ எட்டாவதோ முறை சொன்னபோது, தண்ணீர் வரிசையில் நிற்க வந்திருந்த ஊர்ப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "இதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேப்பமரத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் பக்கத்தில் போகவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று நடந்தது. ஓட்டுநர் வேடத்தில் இருந்த நடிகர், சட்டைப் பையில் சீப்போடு, லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவத் தண்ணீர் தேடி டீச்சர் லாரியைச் சுற்றிக்கொண்டு வந்தவர், அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நடிகர் தட்டோடு எழுந்தார். வேடத்தில் இருப்பது நினைவுக்கு வந்ததும் சீப்பை எடுத்துக் கைக்குள் மறைத்துக்கொண்டார். டீச்சரிடம் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டுமே என்று எனக்குப் பதறியது.

டீச்சர் அவரையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "உக்காந்து சாப்புடுங்க தம்பி. சோறு ஆறுது" என்றார்.

நடிகர் உட்கார்ந்தார். ஆனால் சாப்பிடவில்லை. அன்று மாலை எடுத்த காட்சிகளில் அவர் வேப்பமரத்துப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்ததால் மறுநாள் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

படம் தியேட்டருக்கு வரவில்லை, நேராக ஓடிடியில் வந்தது. இயக்குநர் சொன்னபடி விசில் இருந்தது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. ஓரளவு பேசினார்கள். வில்லன் மேல் பயமே வரவில்லை, ஏமாற்றம் என்று சிலர் எழுதினார்கள். நடிகருக்கு நல்ல பெயர் கிடைத்தது, இப்போது அவருக்கு நிறைய வேடங்கள் வருகின்றன, பெரும்பாலும் கொலைகாரன் வேடங்கள்.

ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு என் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் பார்த்தாள். "இம்புட்டு நல்லவனாவாடி காட்டுவீக?" என்றாள் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அப்படித்தான இருந்தான்" என்றாள்.

புதுமடத்திலிருந்து ஒரு வாரம் செய்தி இல்லை. படம் பார்த்தீர்களா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. எட்டாம் நாள் அவரே கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா வார எடம் வரைக்கும் பாத்தேன். பெறகு அணைச்சிட்டேன்" என்றார்.

"நல்லா இருந்துச்சா?"

"அந்தம்மா எங்கம்மா மாதிரி இல்லைங்க. எங்கம்மா இன்னும் கறுப்பு, பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்கும். ஆனா வையுறது எங்கம்மாதான்."

பிள்ளைகளைப் பார்த்து, "சத்தம் போடாதீக, வாரேன்" என்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "எங்கம்மாவுக்குப் போட்டோவே கெடையாதுங்க. பேப்பர்ல போட்டதுகூட ரேசன் கார்டுல இருந்து எடுத்தது. அந்தத் தண்ணி வரிசை வார எடத்தை மட்டும் வெட்டி என் போனுக்கு அனுப்ப முடியுமா?"

படத்தொகுப்பாளரிடம் கேட்டேன். என்ன ஏது என்று கேட்காமல் வெட்டிக் கொடுத்தார். ஒன்றரை நிமிடம். அதில் லாரியின் பின்பகுதியும் குழாயைப் பிடித்திருக்கும் ஒரு கையும் தெரிந்தன. அந்தக் கையையும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அதை எடுத்தால் தண்ணீர் அந்தரத்தில் கொட்டுவதுபோல் இருக்கும் என்றார். அப்படியே அனுப்பி வைத்தேன், கை தெரியும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு.

"தெரியட்டும்" என்று பதில் வந்தது. "எங்கம்மா அதைத்தான வையுது."